காரில்லாமல் காட்ஸ்வோல்ட்ஸ்: வாசகர் கேள்விகள், பதில்கள்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் மலைக் கிராமங்களுக்கு ரயிலிலும் பேருந்திலுமே போய் நடந்துவிட்டு வரலாம் என்று போன இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த வாரப் பகுதியை நிரப்பிவிட்டன. அரசியல், சினிமா கேள்விகள் அடுத்த இதழுக்கு.

கே: நாங்கள் திருச்சி. மகள் ரெடிங் நகரில் வேலை செய்கிறாள், மூன்று மாதம் வந்திருக்கிறோம். எனக்கு 62, மனைவிக்கு 58, ஊரில் தினமும் நடக்கிற பழக்கம் உண்டு. மகளுக்கு லீவு இல்லை, எங்களுக்குக் கார் ஓட்ட வராது. டூரிஸ்ட் கோச்சில் போனால் ஊருக்கு அரைமணி நேரம் நிறுத்துகிறார்களாம். நாங்களே போக முடியுமா? – வாசகர், ரெடிங்

தாராளமாகப் போகலாம். சொல்லப்போனால் காரில் போகிறவர்களைவிட உங்களுக்குத்தான் வசதி. காரை நிறுத்திய இடத்துக்கே திரும்பி வர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு, உங்களுக்கு அது இல்லை. ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறலாம்.

ஆனால் ஒரு விஷயத்தைத் தலைகீழாகச் செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் ரயில் நிலையத்திலிருந்து நடக்கத் தொடங்கி, கடைசியில் ஏதோ ஒரு கிராமத்தில் பேருந்துக்காகக் காத்திருப்பார்கள். கிராமப் பேருந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, சாயங்காலம் ஐந்தாறு மணியோடு சரி. கடைசி வண்டியை விட்டால் டாக்சிக்குத்தான் அழ வேண்டும், அதுவும் கிடைத்தால். அதனால் காலையில், கால் புதிதாக இருக்கும்போதே பேருந்தில் தொலைவுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து ரயில் நிலையத்தை நோக்கி நடந்து வாருங்கள். ரயில் ராத்திரி வரை ஓடும். ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அடுத்ததைப் பிடிக்கலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிற அவஸ்தை இதில் இல்லை.

உங்களுக்கு நான் சொல்லும் பாதை இதுதான். லண்டன் பாடிங்டனிலிருந்து வூஸ்டர் போகும் ரயில் ரெடிங், ஆக்ஸ்ஃபோர்டு வழியாகப் போகிறது. அதில் மோர்ட்டன்-இன்-மார்ஷ் என்ற நிலையத்தில் இறங்குங்கள். ரெடிங்கிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும், சில வண்டிகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் மாற வேண்டும். மோர்ட்டனின் கடைத்தெரு ரோமானியர் போட்ட ஃபாஸ் வே சாலை மேலேயே இருக்கிறது, அதனால்தான் அப்படி நேராகக் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை அங்கே சந்தை கூடும், பேருந்தில் கூட்டம் இருக்கும், நடக்கிறவர்கள் வேறு நாள் பார்ப்பது நல்லது. அங்கிருந்து சிப்பிங் கேம்ப்டனுக்குப் பேருந்து ஏறுங்கள். கேம்ப்டனிலிருந்து பிராட் கேம்ப்டன், பிளாக்லி, போர்ட்டன்-ஆன்-த-ஹில் வழியாக மோர்ட்டன் நிலையத்துக்கே நடந்து வந்துவிடலாம். மொத்தம் எட்டு மைல் சொச்சம், நம் கணக்கில் சுமார் 13 கிலோமீட்டர். ஊர் ஊராக நின்று வேடிக்கை பார்த்து, சாப்பிட்டு வந்தால் ஐந்து, ஐந்தரை மணி நேரம். பிளாக்லியை விட்டுக் கிளம்பும்போது ஒரு ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். மலைக்கோட்டைப் படியேறிப் பழகிய உங்களுக்கு அது பெரிதில்லை. காட்ஸ்வோல்ட்ஸ் முழுக்கவே உயரமான இடம் கிளீவ் ஹில், அதுவே 330 மீட்டர்தான்.

கேம்ப்டனில் இறங்கியதும் நடக்க ஓடாதீர்கள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைத்தெரு நடுவில் 1627இல் கட்டிய சந்தை மண்டபம் நிற்கிறது. நாலு பக்கமும் வளைவுகள், சுவர் கிடையாது, நம் ஊர்க் கல்மண்டபம் போல உள்ளே போய் நிற்கலாம். தரையைப் பாருங்கள், ஒரு கல் மேடு, ஒரு கல் பள்ளம், நானூறு வருடமாக மிதித்து மிதித்து வழவழப்பாகியிருக்கிறது, மழை நாளில் வழுக்கும். பாத் நகரம் வரை 102 மைல் போகும் காட்ஸ்வோல்ட் வே என்ற நெடும்பாதை அதன் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பாதையில் நீங்கள் போகவில்லை, மேற்கே போகும் அதை விட்டுவிட்டுத் தெற்கே 'ஹார்ட் ஆஃப் இங்கிலாந்து வே' என்ற பெயர்ப் பலகையைப் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: போர்ட்டன் என்று இரண்டு ஊர் உண்டு. உங்கள் வழியில் வருவது போர்ட்டன்-ஆன்-த-ஹில். சின்னச் சின்னப் பாலங்களோடு போட்டோவில் வருவது போர்ட்டன்-ஆன்-த-வாட்டர், அது வேறு திசை. வழி கேட்கும்போது முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கே: ரயில் டிக்கெட் விலையைப் பார்த்தாலே மயக்கம் வருகிறதே? – வாசகி, மில்டன் கீன்ஸ்

முழு விலை கொடுத்தால் வரத்தான் செய்யும். வார நாளில் காலை நெரிசல் நேரத்தை விட்டுவிட்டு ஆஃப்-பீக் டிக்கெட் எடுங்கள். இரண்டு பேர் எப்போதும் சேர்ந்தே போவதாக இருந்தால் 'டூ டுகெதர்' ரயில்கார்டு வாங்கினால் இருவருக்குமே மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாளில் ஒன்பதரைக்கு மேல்தான் செல்லும். அறுபது தாண்டியவர்களுக்கு சீனியர் ரயில்கார்டு இருக்கிறது. அதற்கு இங்கே குடியிருக்க வேண்டும் என்பதில்லை, நம் பாஸ்போர்ட்டைக் காட்டியே வாங்கலாம், வந்து போகிற பெற்றோர்கள் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால் கார்டே வேண்டாம், குரூப்சேவ் என்று கேட்டாலே மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி.

பேருந்துக்கு இங்கிலாந்தில் பெரும்பாலான ஊர்களில் ஒரு பயணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2 பவுண்டாக இருந்தது, 2025 தொடக்கத்தில் 3 பவுண்டு ஆனது. முதியோருக்கான இலவச பஸ் பாஸ் மட்டும் இங்கே நிரந்தரமாக வசிப்பவர்களுக்குத்தான், அதைக் கேட்டு டிரைவரிடம் வாதாட வேண்டாம். நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது, கையை நீட்டுங்கள். நீட்டாவிட்டால் நிற்காமலே போகிற டிரைவர்களும் இருக்கிறார்கள்.

கே: பாதை அடுத்தவர் வயல் நடுவே போகிறது என்கிறீர்கள். நம் ஊரில் இப்படிப் போனால் நாயை அவிழ்த்து விடுவார்கள். அங்கே ஒன்றும் சொல்ல மாட்டார்களா? – வாசகர், பொள்ளாச்சி

சொல்ல முடியாது, சட்டம் விடாது. எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். நிலம் தனியாருடையது, ஆனால் அதன் குறுக்கே போகிற பாதை பொதுமக்களுடையது. சர்ச்சுக்கும் சந்தைக்கும் மில்லுக்கும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த ஒற்றையடிப் பாதைகள் அவை. 1949இல் வந்த ஒரு சட்டம், மாவட்ட நிர்வாகங்கள் இவற்றையெல்லாம் வரைபடத்தில் குறித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றது. பதிவேறிய பாதையை நிலத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு மூட முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படி சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கிறது.

விவசாயி பாதையை உழுதுவிட்டால்? உழலாம், ஆனால் இரண்டு வாரத்துக்குள் திரும்பச் சீர்செய்து கொடுக்க வேண்டும். வயலின் குறுக்கே போகும் நடைபாதைக்குக் குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட்டுத்தான் பயிர் வளர்க்க வேண்டும். அதனால்தான் ஜூன் மாதத்தில் இடுப்பளவு கோதுமைக்கு நடுவே வகிடு எடுத்தது போல ஒரு பாதை நேராக ஓடுவதைப் பார்க்கலாம். அதில் தயங்காமல் நடங்கள், ஆனால் வகிட்டை விட்டு இறங்காதீர்கள். உரிமை அந்த ஒரு மீட்டருக்குத்தான்.

இதெல்லாம் யாரோ பெரிய மனது பண்ணிக் கொடுத்ததில்லை. 1932இல் மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கௌட் என்ற மலைமேட்டில், பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலத்தில், வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அந்தச் சூட்டில்தான் பிறகு சட்டங்கள் வந்தன.

மஞ்சள் அம்புக்குறி என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரை, சைக்கிளும் வரும். நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், ஆடு வெளியே போனால் உங்களைத்தான் திட்டுவார்கள். 'கிஸ்ஸிங் கேட்' என்று ஒரு வகை கேட் அடிக்கடி வரும், அரைவட்டக் கூண்டுக்குள் ஒரு கதவு ஆடும். நீங்கள் கூண்டுக்குள் ஒதுங்கி, கதவை உங்களைத் தாண்டித் தள்ளிவிட்டு, மறுபக்கம் வெளியே வர வேண்டும். ஆள் மட்டும் போகலாம், மாடு போக முடியாது. முதுகுப் பை பெரிதாக இருந்தால் நீங்களும் போக முடியாது, கழற்றி மேலே தூக்கிப் பிடிக்க வேண்டியதுதான்.

கே: கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசாமி அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடியிருந்தார் என்று எங்கோ படித்த ஞாபகம். உண்மையா? – வாசகர், யாழ்ப்பாணம்

உண்மை. மேலே ரெடிங் வாசகருக்குச் சொன்ன பாதையிலேயே, கேம்ப்டனை விட்டு ஒரு மைலில் வரும் பிராட் கேம்ப்டன்தான் அந்த ஊர். சர் முத்து குமாரசாமியின் மகனாக 1877இல் கொழும்பில் பிறந்த அவர், நிலவியல் படித்து, இலங்கையில் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்துவிட்டு, 1907 வாக்கில் இங்கே வந்து குடியேறினார். வீட்டின் பெயர் நார்மன் சாப்பல். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்று பாழடைந்து கிடந்ததை, சி.ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் இவருக்காக வீடாக மாற்றிக் கொடுத்தார்.

ஆஷ்பி யார் என்றால் அது இன்னொரு கதை. இயந்திரம் மனிதனின் கைவேலையைக் கொன்றுவிட்டது என்று நொந்து, 1902இல் லண்டன் கிழக்குப் பகுதியிலிருந்து தச்சர், வெள்ளி வேலைக்காரர், அச்சுக் கோர்ப்பவர் என்று தன் கைவினைச் சங்கத்தையே குடும்பம் குடும்பமாகக் கேம்ப்டனுக்கு அழைத்து வந்தவர் அவர். ஆறு வருடத்துக்குள் கடனில் கலைந்துபோனது. ஆனாலும் அந்தச் சங்கத்தில் இருந்த ஒரு வெள்ளிவேலைக் குடும்பத்தின் வாரிசுகள் சங்கம் இயங்கிய பழைய பட்டு ஆலைக் கட்டடத்திலேயே பட்டறையைத் தொடர்ந்து நடத்தி வந்திருக்கிறார்கள்.

குமாரசாமிக்கும் இதே கவலைதான், ஆனால் இலங்கையின், இந்தியாவின் கைவினைஞர்களைப் பற்றி. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெரிய நூல் 1908இல் அந்த வீட்டிலேயே, கைவினை இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்தில், அச்சானது. கண்டிச் சிற்பிகள், நெசவாளர்களின் வேலையைப் பற்றிய புத்தகம் இங்கிலாந்து வயல்வெளியில் ஒரு பாழடைந்த கோவிலுக்குள் கையால் அச்சாகியிருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. சிவதாண்டவம் பற்றி எழுதி நடராசரை மேற்குலகுக்குப் புரிய வைத்ததும், பாஸ்டன் அருங்காட்சியகப் பணியும் அதற்கப்புறம்.

வீடு தனியாருடையது, உள்ளே போக முடியாது, வேலிக்கு மேலே எக்கிப் பார்ப்பதும் மரியாதையில்லை. ஆஷ்பி கூட்டத்தாரின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் கேம்ப்டனில் சர்ச்சுக்குப் பக்கத்தில் கோர்ட் பார்ன் என்ற சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே நடையில் போர்ட்டன்-ஆன்-த-ஹில் வந்ததும் நேராக மோர்ட்டனுக்கு இறங்காமல் தெற்கே ஒரு மைல் போனால், செஸின்கோட் என்ற தோட்டத்துக்குள் பொதுப்பாதை புகுந்து போகிறது. மரங்களுக்கு நடுவே பச்சை பிடித்த செம்புக் குவிமாடம் ஒன்று தெரியும். முகலாயர் பாணி மாளிகை! கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்த சார்லஸ் காக்கரெல் என்பவருக்காக அவர் அண்ணன் சாமுவேல் 1805 வாக்கில் வடிவமைத்தது. பிற்பாடு அரசரான நான்காம் ஜார்ஜ் இளவரசராக இருந்தபோது இதைப் பார்த்து மயங்கிய பிறகுதான் பிரைட்டன் என்ற கடற்கரை நகரத்தில் இருந்த அவருடைய மாளிகைக்கு அந்தக் குவிமாடங்கள் வந்தன. தோட்டத்தில் சூரியனுக்கு ஒரு கோவில், பாலத்தின் மேல் நந்திகள். அந்தத் தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். 1792-93இல் சகோதரர் மகன் வில்லியத்தோடு நம் பக்கம் வந்து மதுரை, தஞ்சாவூர், கன்னியாகுமரி எல்லாம் வரைந்தாரே, அவர்தான். திருச்சிக்காரரே, உங்கள் மலைக்கோட்டையையும் வரைந்திருக்கிறார்.

அழகுதான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்த நந்தியைப் பார்க்கும்போது கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கும். வாரன் ஹேஸ்டிங்ஸ் ஓய்வுக்காலத்தைக் கழித்த டேல்ஸ்ஃபோர்டும் அடுத்த ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான், அதைக் கட்டியதும் இதே சாமுவேல் காக்கரெல். கம்பெனிக்காரர்களுக்கு இந்த மலை அவ்வளவு பிடித்திருந்தது.

கே: இந்தக் கிராமங்கள் மட்டும் ஏன் இப்படிப் பழசு மாறாமல் இருக்கின்றன? அரசாங்கம் பாதுகாத்ததா? – மாணவி, சேலம்

பாதுகாப்பு பின்னால் வந்தது. இந்தப் பகுதியை இயற்கை எழில் பகுதியாக அறிவித்ததே 1966இல்தான். முதல் காரணம் பணம், இரண்டாவது காரணம் பணம் இல்லாமல் போனது.

இடைக்காலத்தில் இங்கே ஆட்டு ரோமம்தான் தங்கம். நீளமான மயிருள்ள காட்ஸ்வோல்ட் ஆட்டின் ரோமம் இத்தாலி வரை போனது. வந்த லாபத்தில் ஊருக்குப் பொருந்தாத பெரிய சர்ச்சுகளைக் கட்டினார்கள். கேம்ப்டன் சர்ச் தரையில் வில்லியம் கிரெவெல் என்ற ரோம வியாபாரியின் பித்தளைத் தகடு பதித்திருக்கிறது, 1401இல் இறந்தவர், இங்கிலாந்தின் ரோம வணிகர்களுக்கெல்லாம் மலர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அவர் வீடும் கடைத்தெருவில் நிற்கிறது. கட்டடங்களுக்கெல்லாம் காலடியிலேயே கிடைத்த சுண்ணாம்புக்கல். வடக்கே தேன் நிறம், தெற்கே போகப் போக வெளுக்கும்.

அப்புறம் நீராவி யந்திரம் வந்தது, துணி ஆலைகள் யார்க்‌ஷயர் பக்கம் போய்விட்டன, இங்கே காசு வற்றியது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட யாரிடமும் வசதி இல்லை. வறுமைதான் இந்த ஊர்களைக் காப்பாற்றியது. இப்போது அதே தொழிலாளி வீடுகளை லண்டன் பணக்காரர்கள் வாங்குகிறார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு எட்டாக்கனி. பாதி ஜன்னல்களுக்குப் பின்னால் வார நாளில் ஆளே இருக்காது.

நடக்கும்போது ஆடு மேயும் புல்வெளிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தரை அலை அலையாக, வரிசையாக மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆடு வருவதற்கு முன்னால், எருது பூட்டி உழுத காலத்துப் படைச்சால் அது. அப்புறம் யாரும் உழவில்லை, அதனால் அழியவில்லை. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எடுப்பாகத் தெரியும், உச்சி வெயிலில் கண்ணுக்குப் படாது.

கே: புடவையில் நடக்கலாமா? – வாசகி, கோவை

கேம்ப்டன் கடைத்தெருவில் நடக்கலாம், ராணி மாதிரி இருக்கும். வயலுக்குள் வேண்டாம். வேலியைத் தாண்ட மரப்படி ஏறி மறுபக்கம் காலைப் போட வேண்டியிருக்கும், ஓரமெல்லாம் காஞ்சொறி போன்ற ஒரு செடி, பட்டால் ஒரு மணி நேரம் எரியும். முழுக்கால் பேன்ட்டோ சுடிதாரோ, பிடிப்புள்ள தண்ணீர் புகாத ஷூவோ போதும். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், காயாது. ஜூலையிலும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்றோடு நிற்கும் பசுக்களிடம் மட்டும் ஜாக்கிரதை. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், சுற்றிப் போங்கள். நம் ஊர் மாடு மாதிரி தடவிக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

கே: போன் இருந்தால் வழி தெரியாதா, மேப் எல்லாம் எதற்கு? – வாசகர், சென்னை

பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். கூகுள் மேப் வயல்வெளிப் பாதைகளில் பாதியைக் காட்டாது, காட்டினாலும் கார் ரோட்டிலேயே கொண்டுபோய் விடும். அந்த ரோடுகளில் நடைமேடை கிடையாது, வளைவில் லாரி வந்தால் ஒதுங்க வேலிதான். அரசு நிலவரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல். 45 என்ற தாளை வாங்குங்கள். கிலோமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர், பொதுப்பாதைகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும், ஒவ்வொரு வயலின் வேலியும் தெரியும். அவர்களுடைய செயலியும் இருக்கிறது, வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கே: சாப்பாடு? சைவம்! – வாசகர், கும்பகோணம்

புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். கிராமத்து பப்களில் சைவம் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும், ஆனால் பல இடங்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்குச் சமையலறையை மூடிவிட்டுச் சாயங்காலம்தான் திறப்பார்கள். மூன்று மணிக்குப் பசியோடு போனால் சிப்ஸ் பாக்கெட்தான். சேற்று ஷூவை வாசலில் தட்டிவிட்டுப் போனால் சந்தோஷப்படுவார்கள். நிலையத்தை விட்டால் கழிப்பறை கிடைப்பது கஷ்டம், அதனால் பப்பில் ஒரு டீ வாங்கிக் குடிப்பது இரண்டு வகையில் லாபம்.

கே: பைபரி ஊரில் ஆர்லிங்டன் ரோ என்ற பழைய வீட்டு வரிசை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டிலேயே இருந்ததாமே, அதை விட்டுவிட்டீர்களே! – வாசகி, சிங்கப்பூர்

வேண்டுமென்றேதான் விட்டேன். 1380 வாக்கில் ரோமக் கிடங்காகக் கட்டி, பிறகு நெசவாளர் வீடுகளாக மாற்றியது, அழகானதுதான். ஆனால் ஊரே கையளவு, கோச் கோச்சாக வந்து இறங்குகிறார்கள், ரயில் கிடையாது, பேருந்தும் சொற்பம். அதற்குப் பதில் மோர்ட்டனிலிருந்து 801ஆம் எண் பேருந்தில் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் போய், கூட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு, லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர் என்ற இரண்டு ஊர்களையும் ஓடையோரமாக நடந்து பாருங்கள். இரண்டு உலகப் போருக்கும் ஆள் அனுப்பி, போனவர்கள் எல்லோரும் உயிரோடு திரும்பி வந்த, விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில் அப்பர் ஸ்லாட்டரும் ஒன்று. அங்கிருந்து மூன்று மைல் நடந்தால் ஸ்டோ-ஆன்-த-வோல்ட், அதே 801 அங்கேயும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, கிளம்புவதற்கு முந்தின ராத்திரி டிராவல்லைன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: டிசம்பரில் வருகிறேன், போகலாமா? – வாசகர், துபாய்

நாலு மணிக்கு இருட்டிவிடும், சேறு கணுக்கால் வரை. ஏப்ரலுக்கு டிக்கெட்டை மாற்ற முடியுமா பாருங்கள், ஆட்டுக்குட்டிகள் பிறந்திருக்கும். முடியாவிட்டால் கேம்ப்டன் வரை பேருந்தில் போய், சந்தை மண்டபத்தையும் சர்ச்சையும் பார்த்துவிட்டு, மூன்று மணிக்குள் மோர்ட்டனுக்குப் பேருந்து ஏறிவிடுங்கள்.